சாஃப்ட்வேர் போட்டபின் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஃபார்மேட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

"அண்ணே, நேத்து ஒரு சாஃப்ட்வேர் போட்டேன், இன்னைக்கு சிஸ்டம் ஆன் ஆகல." கடலூரில் சர்வீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இது தினசரி வரும் போன். மஞ்சக்குப்பத்து ஆடிட்டர் அலுவலகத்தில் டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனுக்கு டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர்) போட்டிருப்பார்கள். இ-சேவை மையத்தில் கைரேகைக் கருவிக்கான சாஃப்ட்வேரை அப்டேட் செய்திருப்பார்கள். காலேஜ் பிள்ளைகள் பென் டிரைவில் வாங்கி வந்த எடிட்டிங் சாஃப்ட்வேரைப் போட்டிருப்பார்கள். கடைக்குக் கொண்டுபோனதும் கேட்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபார்மேட் போட்டுடலாம்."

வேண்டாம். ஃபார்மேட் கடைசி வழி. இப்படி வரும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை ஒரு ஃபைல்கூட இழக்காமல் எழுந்துவிடும். எந்த இடத்தில் நிற்கிறது என்று சரியாகப் பார்த்தால் போதும். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

கை வைக்கும் முன்

பிரிண்டர், பென் டிரைவ், டோக்கன், வெப்கேம், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கீபோர்டும் மவுஸும் மட்டும் இருக்கட்டும். இதைச் செய்ததுமே சில சிஸ்டம் ஆன் ஆகிவிடும்.

திரையில் என்ன எழுத்து வந்தாலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக என்ன போட்டீர்கள், அதன்பின் ஒரு முறையாவது ஒழுங்காக ஆன் ஆனதா என்று யோசியுங்கள். போட்டபின் இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டு மூன்றாம் நாள் நின்றது என்றால், குற்றவாளி அந்த சாஃப்ட்வேராக இல்லாமல் போக வாய்ப்பு அதிகம்.

இனி, எங்கே நிற்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

பட்டனை அழுத்தினால் கம்பெனி லோகோவே வரவில்லை

இதில் சாஃப்ட்வேருக்குச் சம்பந்தமே இல்லை என்று துணிந்து சொல்லலாம். லோகோ வருவதற்கு முன் விண்டோஸ் வேலையைத் தொடங்குவதே இல்லை. ஒரே விதிவிலக்கு, நீங்கள் போட்டது பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட்டாக இருந்தால்.

முதலில் மானிட்டரின் கேபிள், பவர் கார்டு, யூபிஎஸ். கோடை மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது பழைய யூபிஎஸ் சுமையைத் தாங்காமல் கீச்சென்று கத்திவிட்டு அணையும். சிஸ்டத்தை நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரோடு ஆன் செய்யுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு, அல்லது பீப் பீப் என்று சத்தம் வருகிறது என்றால் அடுத்தது ரேம். தேவனாம்பட்டினம், முதுநகர், புதுச்சேரிப் பக்கம் வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் போன்ற கடலோர வீடுகளில் இது அடிக்கடி வரும் கோளாறு. உப்புக்காற்றில் ரேமின் கால்கள் மங்கிப்போய்த் தொடர்பு விட்டுப்போகும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமை எடுங்கள். பொன்னிறக் கால்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டி, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை இரு பக்கமும் அழுத்திச் செருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி), பிறகு மதர்போர்டு. இந்த இரண்டும் கடை வேலை. பயாஸ் அப்டேட் ஓடும்போது கரண்ட் போய் இந்த நிலை வந்திருந்தாலும் கடைதான். அந்த சிப்பில் மறுபடி எழுத வேண்டியிருக்கும்; அதற்குத் தனிக் கருவி தேவை.

லோகோ வருகிறது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

இங்கே செலவில்லாத முதல் மருந்து பொறுமை. சாஃப்ட்வேரோடு சேர்ந்து விண்டோஸ் அப்டேட்டும் காத்திருந்தால், அடுத்த ஸ்டார்ட்டில் அது வேலையைத் தொடங்கும். எஸ்எஸ்டி இல்லாத பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இது மணிக்கணக்கில்கூடப் போகலாம். கேபினெட்டில் டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம், தொடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் விளக்கும் அசையவில்லை, சதவீத எண்ணும் நகரவில்லை என்றால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

மழைக்காலத்தில் நம் ஊரில் இந்தக் கோளாறு கூடும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று புயல் கரையேறுவது நம் பக்கம்தான்; புயல் இல்லாத நாளிலும் பலத்த காற்றுக்கே கரண்ட் போய்விடும். அப்டேட் பாதியில் அறுந்தால், அடுத்த முறை விண்டோஸ் அதைத் திரும்ப எடுக்கவோ முடிக்கவோ பார்க்கும். அதற்கும் நேரம் கொடுக்க வேண்டும்.

காத்திருந்தும் பலனில்லை என்றால் சேஃப் மோடு, அதாவது அத்தியாவசிய டிரைவர்களை மட்டும் வைத்து விண்டோஸ் ஓடும் நிலை.

சேஃப் மோடுக்குள் போவது எப்படி

பழைய விண்டோஸ் 7 பழக்கத்தில் எஃப்8 பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பவர்கள் இன்னும் உண்டு. 10, 11-இல் அது பொதுவாக வேலை செய்யாது. வழி இதுதான்: சிஸ்டத்தை ஆன் செய்து, லோகோவோடு வட்டம் தெரிந்ததும் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தால், விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். காத்திருந்தும் நின்றுபோன சிஸ்டத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். அப்டேட் ஓடும்போது செய்யக் கூடாது. பாஸ்வேர்டு கேட்கும் திரைவரை வருகிறது என்றால் இன்னும் எளிது. ஷிஃப்ட் பட்டனை அழுத்தியபடியே மூலையிலுள்ள பவர் சின்னத்தில் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

நீல நிறப் பட்டியல் வரும். ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். மறுபடி ஆன் ஆகும்போது எண் போட்ட பட்டியல் வரும். 4 என்றால் சேஃப் மோடு, 5 என்றால் இன்டர்நெட்டோடு சேஃப் மோடு. உள்ளே நுழையும்போது பின் (PIN) எண்ணை ஏற்காமல் பாஸ்வேர்டையே கேட்கலாம். அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க எண் கேட்கும். அதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.

வழக்கு இரண்டாகப் பிரிவது இங்கேதான். சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறது என்றால், பெரும்பாலும் நீங்கள் போட்ட சாஃப்ட்வேரோ அதோடு வந்த டிரைவரோதான் காரணம். பைசா செலவில்லாமல் சரி செய்யலாம். சேஃப் மோடும் வரவில்லை என்றால் சந்தேகம் சிஸ்டம் ஃபைல், டிஸ்க், ரேம் பக்கம் திரும்ப வேண்டும்.

சேஃப் மோடு வந்துவிட்டதா? கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, கடைசியாகப் போட்டதை நீக்குங்கள். சில சாஃப்ட்வேர் 'இன்ஸ்டாலர் சர்வீஸ் இல்லை' என்று சொல்லி நீங்க மறுக்கும். சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் ஓடாததால் வருவது அது. பயப்பட வேண்டாம். ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்து, சர்வீசஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். மிச்சம் தெரிபவற்றில் புதிய சாஃப்ட்வேருக்கு உரியதை மட்டும் நிறுத்துங்கள். மறைக்கும் கட்டத்தை டிக் செய்யாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் வேறு பிரச்சினை கிளம்பும். சாதாரணமாக ஆன் ஆனதும் பிறகு முறையாக நீக்கிக்கொள்ளலாம்.

புதிதாகப் போட்டது டிரைவர் என்றால் டிவைஸ் மேனேஜருக்குப் போய், அந்தக் கருவியின் பிராப்பர்டீஸில் டிரைவர் பகுதியில் ரோல் பேக் கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால்.

சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்றும் ஒரு பார்வை பாருங்கள். 128 ஜிபி எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்பில் பெரிய சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றினால் சிவப்புக்கோடு வந்துவிடும். இடமே இல்லாமல் விண்டோஸ் திணறி நிற்பதைக் கோளாறு என்று நினைத்து ஃபார்மேட் போடுகிறார்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்தாலே ஓடும்.

'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று திரும்பத் திரும்ப வருகிறது

ரிப்பேர் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, முடியவில்லை என்று மறுபடி அதே திரையில் வந்து நிற்கும். அங்கேயே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் இருக்கிறது. கீழ்க்கண்ட வரிசையில் போங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஒருமுறை. அதையே பலமுறை ஓட்டிப் பயனில்லை.

அடுத்து அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அதில் குவாலிட்டி அப்டேட், ஃபீச்சர் அப்டேட் என்று இரண்டு இருக்கும். குவாலிட்டியை முதலில் நீக்குங்கள். ஃபீச்சர் அப்டேட்டைத் திரும்ப எடுக்க விண்டோஸ் வழக்கமாக 10 நாள்தான் அவகாசம் தரும்.

அப்புறம் சிஸ்டம் ரீஸ்டோர். சாஃப்ட்வேர் போட்ட நாளுக்கு முந்தைய தேதி பட்டியலில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் படம், டாக்குமென்ட் எதையும் இது தொடாது; அந்தத் தேதிக்குப் பின் போட்ட புரோகிராம்கள், டிரைவர்கள் மட்டும் போகும். என்னைக் கேட்டால் இருக்கிற வழிகளிலேயே இதுதான் சுத்தமானது. ஆனால் பல சிஸ்டங்களில் இந்த வசதி ஆரம்பத்திலிருந்தே அணைந்து கிடக்கும், பட்டியல் காலியாக வரும். அப்படி இருந்தால் சேஃப் மோடு வழிக்குப் போங்கள்.

விண்டோஸ் தொடங்கும் பகுதியைச் சரிசெய்யும் பூட்ரெக் போன்ற கட்டளைகளை வீடியோ பார்த்து அடிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. ரிப்பேர் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். உங்கள் சி டிரைவ் அங்கே டி என்று தெரியலாம். தப்பான பார்ட்டிஷனில் ஒரு கட்டளை விழுந்தால் நன்றாக இருந்த டேட்டாவும் சேர்ந்து போகும்.

'ரீசெட் திஸ் பிசி' என்று ஒன்று கண்ணில் படும். 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தாலும் போட்ட புரோகிராம்கள் எல்லாம் நீங்கிவிடும். டேலி, ஃபோட்டோஷாப், பிரிண்டர் சாஃப்ட்வேர் எல்லாம் மறுபடி போட வேண்டும். டேலி கம்பெனி டேட்டா இருக்கும் ஃபோல்டரை வெளியே காப்பி எடுக்காமல் அந்தப் பட்டனைத் தொடவே கூடாது.

டேட்டாவை வெளியே எடுப்பது

விண்டோஸ் எழாத நிலையிலும் ஃபைலை எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறங்கள். நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் வெள்ளைப் பெட்டி வரும். அதில் ஃபைல், ஓப்பன் போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். இப்போது அந்தச் சின்ன ஜன்னலே ஒரு எக்ஸ்ப்ளோரர் ஆகிவிடும். இடது பக்கம் திஸ் பிசி, உள்ளே டிரைவ்கள், யூசர்ஸ், உங்கள் பெயர், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ். வேண்டிய ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து காப்பி, பென் டிரைவில் போய் பேஸ்ட். பென் டிரைவை முன்பே செருகியிருக்க வேண்டும். காப்பி ஆகும்போது சதவீதம் எதுவும் காட்டாது, ஜன்னல் உறைந்ததுபோல் நிற்கும். முடிந்ததும் தானே விடுபடும்.

வேறு கம்ப்யூட்டர் ஒன்று கைவசம் இருந்தால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டி, வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றலாம். நிறைய ஃபைல் இருந்தால் இதுதான் வசதி.

நீலத் திரை வந்து தானே ரீஸ்டார்ட் ஆகிறது

அப்டேட் ஆன புதிய விண்டோஸ் 11-இல் 2025 முதல் இது கறுப்பு நிறத்தில் வருகிறது. எழுத்து இருந்தால் அதுவும் இதே வகைதான். படிப்பதற்குள் மறைகிறது என்றால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் பட்டியலில் 9-ஐ அழுத்துங்கள். தானாக ரீஸ்டார்ட் ஆவது நிற்கும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஸ்டாப் கோடு, அதாவது திரையில் காட்டும் பிழையின் பெயர். இன்னொன்று, சில சமயம் அதன் கீழே 'வாட் ஃபெயில்டு' என்று ஒரு ஃபைல் பெயர் இருக்கும். அந்தப் பெயரை வேறு போனில் தேடினால் எந்தக் கம்பெனி டிரைவர் என்று தெரிந்துவிடும். கிராஃபிக்ஸ் கார்டா, ஆன்டிவைரஸா, விபிஎன்னா என்று கண்டதும் சேஃப் மோடில் போய் அதை மட்டும் நீக்குங்கள்.

ஆன்டிவைரஸ் விண்டோஸின் அடிமடியில் உட்கார்ந்து வேலை செய்வது. அதனால்தான் அதில் ஒரு சின்னத் தவறும் சிஸ்டத்தையே கீழே தள்ளிவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமான நிலையங்கள்கூட முடங்கின. அதற்கான தீர்வும் இங்கே சொன்ன வழிதான்: சேஃப் மோடில் நுழைந்து குறிப்பிட்ட ஃபைலை அழிப்பது. அதற்கு ஃபார்மேட் தேவைப்படவில்லை.

ஸ்டாப் கோடு 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால் டிஸ்க்கைப் படிக்கும் டிரைவரிலோ, பயாஸில் சாட்டா மோடு (டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் முறை) மாறியதிலோ சிக்கல். ஏஹெச்சிஐ, ரெய்டு என்று இரண்டு மோடு இருக்கும். முன்பு எது இருந்ததோ அதற்கு மாற்றினால் எழும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்டாப் கோடு வருகிறது என்றால் ரேம் மீது சந்தேகப்படுங்கள்.

கறுப்புத் திரை, மவுஸ் அம்பு மட்டும் அசைகிறது

முதலில் விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். டிஸ்ப்ளே டிரைவர் மறுபடி தொடங்கும். சில சமயம் திரை பளிச்சென்று வந்துவிடும். வரவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். டாஸ்க் மேனேஜர் வந்தால், புதிய டாஸ்க் ஓட்டும் இடத்தில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் டெஸ்க்டாப் திரும்பும். இரண்டும் இல்லையென்றால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 3, அதாவது குறைந்த ரெசல்யூஷன். அதில் உள்ளே போய் டிஸ்ப்ளே டிரைவரை நீக்கிவிட்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரியதைப் போடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர்களை நம்ப வேண்டாம். இந்தக் கறுப்புத் திரைக்குப் பல நேரம் அவையே காரணம்.

பாஸ்வேர்டு போட்டதும் உறைந்துவிடுகிறது

ஆன்டிவைரஸ் இரண்டு இருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே ஒன்று இருக்க, பிரிண்டர் சிடியோடோ இலவச சாஃப்ட்வேரோடோ இன்னொன்று கேட்காமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். சேஃப் மோடில் ஒன்றை எடுத்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றையும் நிறுத்துங்கள்.

'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று குறிப்போடு வந்த கிராக் சாஃப்ட்வேரைப் போட்டபின் இப்படி ஆகியிருந்தால் நிலைமை வேறு. அதை நீக்கினாலும் உள்ளே நுழைந்தது போகாது. இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வேறு கம்ப்யூட்டரிலிருந்து பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். நான் சுத்தமாக ஃபார்மேட் போடச் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான்; அதுவும் டாக்குமென்ட்டுகளை மட்டும் காப்பி எடுத்தபின். எந்த செட்டப் ஃபைலையும் கூடவே எடுத்துப் போகாதீர்கள்.

'பூட் டிவைஸ் இல்லை' என்று வருகிறது

பென் டிரைவ் செருகியிருந்தால் எடுங்கள், பாதி வழக்கு அதோடு முடியும். அடுத்து பயாஸ். எஃப்2 அல்லது டெலிட், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கிறதா? அப்படியானால் மதர்போர்டில் உள்ள காசு போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் எந்த வாட்ச் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பேட்டரி போனதால் பயாஸ் அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பி, பூட் வரிசையும் சாட்டா மோடும் மாறியிருக்கும். சாஃப்ட்வேர் போட்ட அன்றே கரண்டும் போனதால் பழி சாஃப்ட்வேர் மேல் விழுந்திருக்கும்.

லினக்ஸ் போட்டபின் இப்படி ஆனால் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருக்கிறதா பாருங்கள். மேலே நகர்த்தினால் போதும்.

பயாஸிலேயே டிஸ்க் பெயர் தெரியவில்லை என்றால் சாட்டா கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். அப்போதும் இல்லையென்றால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது.

48 இலக்க எண் கேட்கிறது

இது பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் பெரும்பாலும் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். பயாஸ் மாறினாலோ ரிப்பேர் திரைக்குப் போனாலோ எண்ணைக் கேட்கும். வேறு போனில், லேப்டாப்பை முதன்முதலில் தொடங்கும்போது கொடுத்த மெயிலில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் அந்த லேப்டாப்பின் கீழ் ரெகவரி கீ இருக்கிறதா பாருங்கள். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகள் பொருந்த வேண்டும். கடைக்காரரே தன் மெயிலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்த லேப்டாப் என்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஆபீஸில். எண் கிடைக்கவில்லை என்றால் அந்த டேட்டாவை யாராலும் திறக்க முடியாது. "நான் எடுத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

எப்போது கடைக்குப் போக வேண்டும்

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் சத்தம் வந்தால் அந்த நொடியே அணையுங்கள். அதில் செக் டிஸ்க் ஓட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் மிச்சமிருக்கும் உயிரையும் எடுத்துவிடும். முக்கியமான டேட்டா என்றால் சாதாரண சர்வீஸ் கடை வேண்டாம், டேட்டா ரெகவரிக்கென்றே இருப்பவரிடம் போங்கள். கருகிய வாசனை, வெள்ளத்தில் நனைந்தது, பயாஸ் அப்டேட் பாதியில் நின்றது, சேஃப் மோடும் வராமல் ரேம் மாற்றியும் பலனில்லாதது, இவையும் கடைக்குரியவை.

போகும்போது சார்ஜர், பாஸ்வேர்டு, பிட்லாக்கர் எண், போனில் எடுத்த திரைப் படங்கள், கடைசியாகப் போட்ட சாஃப்ட்வேரின் பெயர் எல்லாம் கையில் இருக்கட்டும். டேலி டேட்டா, பிள்ளைகளின் படங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று காட்டுங்கள். "என்னைக் கேட்காமல் ஃபார்மேட் போட வேண்டாம், முதலில் டேட்டாவை எடுத்துவிடுங்கள்" என்று வாயால் சொல்வதோடு, சர்வீஸ் ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.